செப்பு வாஷர்

புதன்கிழமை காலை ஏழே கால் மணிக்கு, பிரேக் ஆயில் டப்பாவில் எண்ணெய் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது.

கோடு தோமினிக் போட்டது. சனிக்கிழமை பேனாவால் போட்டார். ஒரு கையால் பானெட்டைத் தாங்கிக்கொண்டு குனிந்து இன்னொரு முறை பார்த்தார். சந்தேகமே இல்லை. இறங்கியிருக்கிறது.

அலமாரியில் புது ஆயில் டின் இருந்தது. ஊற்ற ஒரு நிமிடம் போதும். அவர் ஊற்றவில்லை. ஊற்றிவிட்டால் சாட்சி போய்விடும். இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று தோன்றியது. அதற்குள் ஆளைக் கூட்டிவந்து காட்டிவிடலாம். பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

மகள் செல்வராணி டிபன் கேரியரோடு வெளியே வந்தாள். அவலூர்பேட்டையில் அவளுக்கு டீச்சர் வேலை. தினமும் இந்த அம்பாசிடரில்தான் போய்வருகிறாள். பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"முந்தாநாள விட ஆழமா போயி பிடிக்குது நைனா. தனகோட்டி அண்ணன்கிட்ட காட்டணும்."

"நான் பாத்துக்கிறேன். நீ போ."

அவள் போனாள். வண்டி நின்ற இடத்தில் சிமென்ட் தரையைப் பார்த்தார். வலது முன்சக்கரம் இருந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். விரலால் தொட்டு மோந்தார். ஆயில்தான். இடது பக்கம் தரை காய்ந்து கிடந்தது.

வலது பக்கம் மட்டும். அது அவருக்குப் போதும்.

தோமினிக் பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்தச் சாமான் எந்த அலமாரியில், எந்த நம்பரில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தச் சாமான் வண்டிக்குள் போய் என்ன செய்கிறது என்பது அவருக்குத் தேவைப்பட்டதில்லை. அவர் வேலை வேறு. புதுச் சாமானை வாங்கிப்போகிறவன் அதைப் பையில் போட்டுக்கொள்வான். பழையதையே துடைத்து, பெயின்ட் அடித்து, வண்டியில் மாட்டுவான். அதைப் பிடிப்பதுதான் அவர் வேலை.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கொடுக்கும் ஒவ்வொரு புதுச் சாமானிலும் ஆணியால் சின்னதாக ஒரு சிலுவை கீறிவிடுவார். குறுக்குக் கோடு வலது பக்கம் சற்று மேலேறி நிற்கும். அது அவர் கைப்பழக்கம். பத்து நாள் கழித்துத் திடீரென்று போய், மாட்டியதைக் கழற்றச் சொல்வார். சிலுவை இருந்தால் சரி. இல்லாவிட்டால் மெமோ. அப்படிப் பதினோரு பேர் மாட்டினார்கள். ஒருவன் காலில் விழுந்தான். மெமோவை எழுதி முடித்துவிட்டுத்தான் அவனை எழுப்பினார். நாளாக ஆக, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து அடையாளத்தை அழிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவரும் விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துக் கீறப் பழகினார்.

ரிட்டையர் ஆன பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டு டம்ளர், தட்டு, ஏணி, மண்வெட்டி என்று எல்லாவற்றிலும் அந்தச் சிலுவை ஏறியது. அவர் மனைவி ராயம்மாள் வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வண்டி முப்பது வருஷத்துக்கு மேல் பழசு. முன்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக். மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும். மழையில் நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு வருஷமாக அதைத் திருகிச் சரிசெய்துகொண்டிருந்த மெக்கானிக் தனகோட்டி, டிரம்மைத் தூக்கிப்போட்டுவிட்டு முன்பக்கம் டிஸ்க் போட்டுவிடலாம் என்றான். சக்கரத்தோடு சுற்றும் தட்டு ஒன்று, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிபர் ஒன்று. டீச்சரம்மா தினமும் போகிற வண்டி, பயமில்லாமல் நிற்கும் என்றான். சாமானைத் தானே பாண்டிச்சேரி போய் வாங்கிவருவதாகவும் சொன்னான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் தோமினிக்குக்குப் பிடிக்கவில்லை. இவன் ஏன் போகவேண்டும்? அவரே பஸ் ஏறிப் போனார். பெட்டி பிரிக்காத புதுச் சாமானாகப் பார்த்து வாங்கிவந்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாளை விரித்து இரண்டு காலிபர்களையும் வைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியில் கீறினால் தேய்த்துவிடுவான். உள்ளே கீறினால் பிறகு தன்னாலேயே பார்க்க முடியாது. ஆயில் ஹோஸ் வந்து சேரும் துளையைச் சுற்றி மோதிரம் போல் ஒரு வட்டம் இருந்தது. கடைந்து மழமழவென்று பளபளத்தது. ஹோஸை மாட்டி போல்ட்டை முடுக்கிவிட்டால் அந்த இடம் மூடிவிடும். போல்ட்டைக் கழற்றினால் தெரியும். இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இடது காலிபரில் ஆணி வழுக்கியது. மெல்லிசாகத்தான் விழுந்தது. வலதுக்கு, மகளின் பழைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கவராயத்தை எடுத்துவந்தார். அதன் முனை நன்றாக இறங்கியது. நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். திருப்தியாக இருந்தது.

திண்டிவனம் ரோட்டில் தனகோட்டியின் ஷெட். தகரக் கூரை, ஒரு புங்கமரம், உதவிக்கு ஆள் கிடையாது. வேலை நடந்த அன்றைக்கு முழுக்க தோமினிக் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். இடது சக்கரம் அவர் கண்முன்னால் முடிந்தது. தனகோட்டி ஹோஸ் முனைக்கு இரண்டு பக்கமும் வளையம் போன்ற செப்பு வாஷர் வைத்து, துளையில் மாட்டி, முடுக்கினான். அவன் கண் சிலுவையின்மேல் படவில்லை.

பன்னிரண்டரைக்கு ராயம்மாள் போன் பண்ணினாள். அவள் அண்ணன் வந்திருக்கிறார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று தொல்லை. ஷெட்டுக்குள் சிக்னல் இல்லை. ரோட்டோரம் நின்று பேசினார். மச்சான் போனை வாங்கி நிலத்துப் பட்டா விஷயம் பேச ஆரம்பித்தார். கால்மணி நேரம். திரும்பி வந்தபோது வலது சக்கரத்து ஹோஸ் மாட்டியாகிவிட்டது.

"அதுக்குள்ளயா முடிச்சிட்ட?"

"ஒண்ணு பழகிட்டா இன்னொண்ணு சீக்கிரம் சார்."

தோமினிக் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் சாக்கு மூட்டை ஒன்று இருந்தது. காலையில் அது அங்கே இருந்ததா என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

ஒரு வாரம் வண்டி கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. அப்புறம் ஆயில் இறங்க ஆரம்பித்தது. தனகோட்டி வீட்டுக்கே வந்து பார்த்தான். தட்டைக் கவ்வும் புதுப் பேடு தேய்ந்து உட்காரும் வரைக்கும் லேசாக இறங்கத்தான் செய்யும் என்றான். வலது போல்ட்டில் ஈரம் கண்டு இன்னும் கொஞ்சம் முடுக்கினான். மறுபடியும் இறங்கியது. மறுபடியும் வந்தான். ஜாக்கி வைத்து, படுத்தபடியே ஹோஸைக் கழற்றி வேறு ஹோஸ் மாற்றினான். வாஷரும் புதுசு வைத்தான்.

அந்த இரண்டாவது தடவை தோமினிக் பக்கத்தில் மண்டி போட்டுக் குனிந்தார். போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் ஒழுகியது. தனகோட்டி சட்டென்று துளையின்மேல் கட்டைவிரலை வைத்து அடைத்தான்.

"விரல எடுப்பா."

"எடுத்தா ஆயில் பூரா போயிடும் சார். இன்னா பாக்கணும்?"

"ஒண்ணுமில்ல."

என்ன பார்க்கவேண்டும் என்று சொல்ல முடியாது. வாய்விட்டுச் சொன்ன அடையாளம் அப்புறம் அடையாளமில்லை. ஆனால் அந்தக் கட்டைவிரல் அவர் மனசைவிட்டுப் போகவில்லை. எதை மறைத்தான்?

வேலை முடிந்து தனகோட்டி தண்ணீர் கேட்டான். ராயம்மாள் டம்ளரில் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, விளிம்புக்குக் கீழே இருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்து, இது என்ன குறி என்று கேட்டான்.

"அவரு மார்க்குப்பா. ஊட்ல ஒரு சாமான் பாக்கி இல்ல. என் நெத்தி ஒண்ணுதான் மிச்சம்."

தனகோட்டி சிரித்தான். தோமினிக் சிரிக்கவில்லை.

அதெல்லாம் போன வாரம். இன்று காலை எட்டு இருபதுக்கு போன் வந்தது.

செல்வராணி நிதானமாகத்தான் பேசினாள். அவலூர்பேட்டையில் சந்தை நாள். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்திருக்கிறது. மிதித்தால் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தியிருக்கிறாள். ஆடு மேய்க்கிறவருக்கும் வண்டிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. தனகோட்டியைக் கூப்பிட்டாளாம். அவன் பைக்கில் வந்து ஆயில் ஊற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டானாம். அவள் மீதித் தூரத்துக்கு ஆட்டோ பிடித்தாளாம்.

"மொதல்ல அவனுக்கு ஏன் போன் போட்ட?"

"வேற யாருக்குப் போடுறது நைனா? டப்பாவுல ஆயிலே இல்லன்னாரு. நீங்க காலையில பாத்தீங்கதானே?"

பார்த்தேன் என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். ஒரு முழம். டின் அலமாரியில்தான் இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் பழியை அப்படியே தூக்கித் தனகோட்டியின் தலையில் வைத்தார். பழைய காலிபரை மாட்டினவன் அவன். ஒழுகியது அவனால்.

அடுத்த நினைப்பு அதைவிட வேகமாக வந்தது. வண்டி இப்போது அவன் கையில் இருக்கிறது. தனியாக. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் பையில் இருக்கும் புதுசை எடுத்து மாட்டிவிட்டால்?

கிறிஸ்டோபர் வீட்டுக்கு ஓடினார். கிறிஸ்டோபர் சர்ச் பங்குப் பேரவைச் செயலாளர். பங்குப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வேன்கள் இருந்தன. அவற்றை வருஷம் முழுக்கப் பராமரிக்கும் வேலையைத் தனகோட்டிக்குக் கொடுப்பது என்று ஏறக்குறைய பேசி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கூட்டத்தில் சொல்லவேண்டியதுதான் பாக்கி. பைபாஸ் பக்கம் பெரிய சர்வீஸ் சென்டர் வந்ததிலிருந்து தனகோட்டியின் ஷெட்டுக்கு வண்டி வருவது குறைந்துவிட்டது. இந்த மூன்று வேனும் கிடைக்காவிட்டால் ஷெட்டை மூடிவிட்டுத் திருப்பூர் பக்கம் போகவேண்டியதுதான் என்று அவனே கிறிஸ்டோபரிடம் சொல்லியிருந்தான்.

தோமினிக் எல்லாவற்றையும் கொட்டினார். சாமானை மாற்றினவன், பிள்ளைகள் ஏறுகிற வேனில் என்ன செய்யமாட்டான்?

"நீ கண்ணால பாத்தியா?" என்று கிறிஸ்டோபர் கேட்டார்.

"எனக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளம் ஒண்ணு இருக்குது. தொறந்தா அது இருக்காது, பாரு."

என்ன அடையாளம் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. கிறிஸ்டோபர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். மூணு நாலு வருஷம் பழகின பையன், பேரைக் கெடுத்துவிட்டு அப்புறம் முழிக்கக்கூடாது, அதனால் நானே பார்க்கிறேன், பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஊர் மலைமேல் இருக்கும் கோட்டையைப் பார்க்க வந்த டூரிஸ்ட் வேன் இரண்டு கூட்டுரோட்டில் குறுக்கே நின்றன. தோமினிக்குக்கு ஒவ்வொரு நிமிடமும் முள்ளாகக் குத்தியது.

அம்பாசிடர் புங்கமரத்தடியில் நின்றது. சக்கரங்கள் நான்கும் தரையில். தோமினிக் நேராக வலது சக்கரத்துக்குப் போனார். போல்ட்டுகளின்மேல் நேற்றைய செம்மண் அப்படியே ஒட்டியிருந்தது. ஸ்பேனர் படவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

தனகோட்டி வெளியே வந்தான். கிறிஸ்டோபரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது அவனுக்குப் புரிந்தது. கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையை மறுபடியும் துடைத்தான்.

"நீங்க வராம தொறக்க வேணாம்னு இருந்தேன் சார்" என்றான்.

"தொற. எங்க முன்னாலயே தொற" என்றார் தோமினிக். "காலிபர் என்னுதான்னு பாக்கணும்."

தனகோட்டி அவர் முகத்தைப் பார்த்தான். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான். இந்தத் தடவை ஹோஸை மட்டும் கழற்றவில்லை. காலிபரையே பிரித்து எடுத்து வெளியே கொண்டுவந்தான். ஆயில் சொட்ட அதை மரப்பெஞ்சின்மேல் வைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான்.

தோமினிக் முந்திக்கொண்டு குனிந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

சிலுவை இருந்தது. குறுக்குக் கோடு வலது பக்கம் சற்று மேலேறி நின்றது.

அவர் வாங்கிய சாமான்தான். யாரும் மாற்றவில்லை. நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். ஆனால் மெமோ எழுத உட்கார்ந்தபோது பேனா இல்லாமல் போனது போல் இருந்தது. ஓரடி பின்னால் வந்தார்.

"இருக்குதா?" என்று கிறிஸ்டோபர் கேட்டார்.

தோமினிக் கண்ணாடியை மறுபடியும் நெற்றிக்கு ஏற்றினார்.

தனகோட்டி தோமினிக் குனிந்த இடத்திலேயே குனிந்தான். முதலில் அவன் பார்த்தது காலிபரை அல்ல, வாஷரை. போல்ட்டிலிருந்து உருவி, இரண்டு விரலால் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கினான். செப்பு மென்மையான உலோகம். முடுக்கும்போது எதன்மேல் உட்காருகிறதோ அதன் அச்சு அதில் விழுந்துவிடும். வாஷரில் முடி போல ஒரு மேடு ஓடியது. அதன் குறுக்கே இன்னொன்று.

பிறகு காலிபரைத் திருப்பி, துளையைச் சுற்றி நகத்தால் தடவினான். நகம் ஒரு இடத்தில் மாட்டியது.

"அன்னிக்கே விரல்ல ஏதோ நெருடுச்சு" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான். "பிசிறுன்னு விட்டுட்டேன். என் தப்புதான் அது."

கிறிஸ்டோபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனகோட்டி விளக்கினான். இந்த வட்டம் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும். வாஷர் இதன்மேல் படிந்தால்தான் ஆயில் வெளியே வராது. மிதிக்கும்போது ஆயிலுக்கு எவ்வளவு அழுத்தம் தெரியுமா, மயிரிழை வழி கிடைத்தாலும் புகுந்துவிடும். இந்தக் கீறலின் நீளக் கால் துளையிலிருந்து விளிம்பு வரைக்கும் போகிறது. வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரி. எத்தனை ஹோஸ் மாற்றினாலும் எத்தனை வாஷர் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்.

"தானா விழுந்த கீறலா?"

"ஒரு பக்கம் மட்டும்னா தெரியாது சார். அந்தப் பக்கமும் பாத்துடலாம்."

தோமினிக்குக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. என்ன காரணம் சொல்லி வேண்டாம் என்பது? தனகோட்டி ஜாக்கியை இடது பக்கம் மாற்றினான். அவசரப்படாமல் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். கிறிஸ்டோபர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அவனுக்குப் பின்னால் நின்றார். தோமினிக் அன்றைக்கு உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரம் கிடந்தது. அதைப் பார்த்தார். உட்காரவில்லை.

இடது காலிபரும் பெஞ்சுக்கு வந்தது. அதிலும் இருந்தது. மெல்லிசு. கால் விளிம்பைத் தொடவில்லை. அதனால் ஒழுகவில்லை. குறுக்குக் கோடு அதே மாதிரி வலது பக்கம் ஏறி நின்றது.

கிறிஸ்டோபர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோமினிக்கைப் பார்த்தார். வீட்டில் வைத்துச் சொன்ன அடையாளத்தைப் பற்றி இப்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. நெற்றியை மட்டும் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழம நான் ஒண்ணு சொல்லியாவணும் தோமினிக்கு" என்றார்.

தோமினிக் கோட்டை மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பெனியில் விழுந்த கீறல் என்று சொல்லலாம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லலாம். இரண்டு வார்த்தைதான். கிறிஸ்டோபர் நம்பினாலும் நம்புவார். கவராயம் இன்னும் சாப்பாட்டு மேஜை டிராயரில்தான் இருந்தது.

தனகோட்டி செப்பு வாஷரைத் துணியில் துடைத்து, சிலுவை அச்சு மேலே தெரியும்படி, தோமினிக்கின் உள்ளங்கையில் வைத்தான். அவன் குரலில் கோபம் இல்லை. டம்ளரைத் தடவிக்கொண்டே ராயம்மாளிடம் கேட்டானே, அதே குரல்.

"இது கம்பெனி மார்க்கா சார், ஊட்டு மார்க்கா?"